‘எல்லா ஆம்பளைகளையும் சொல்றீங்களா?’ – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் குடும்ப வன்முறை பற்றி வந்த கட்டுரைக்கு ‘ஆண்கள் கை ஓங்குவது எப்போது நிற்கும்?’ என்று தலைப்பு வைத்திருந்தோம். செங்கோட்டை, கம்பம், மார்த்தாண்டம், எல்லைக்கு அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை என்று கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே கோபம்தான். “எல்லாரையும் சேர்த்து எதுக்குத் திட்டுறீங்க?” ஆறு கடிதங்களை இங்கே எடுத்திருக்கிறோம். பள்ளி ஆலோசகர் ஒருவரும் குடும்ப வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரும் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் விழிப்புணர்வுக் கூட்டம் நடந்த அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. பேச வந்தவர் பையன்களை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லி, “நாளைக்குப் பேப்பர்ல வரப்போறது உங்கள்ல ஒருத்தன்தான்” என்றாராம். பதினாலு வயசுப் பிள்ளை என்ன தப்பு செய்தான்? – ஒரு தந்தை, செங்கோட்டை

உங்கள் மகன் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு பேச வந்தவர் மேல். செய்யாத குற்றத்துக்காக ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்தினால், அவன் அதற்குப் பிறகு காதை மூடிக்கொள்வான். அவர் சொல்ல வந்த நல்ல விஷயமும் அதோடு போச்சு.

ஆனால் அவர் கையில் இருந்த கணக்கு பொய்யில்லை. கொலைகளைப் பற்றி ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத்தடுப்பு அலுவலகம் 2019-இல் வெளியிட்ட உலக ஆய்வின்படி, கொலையில் சந்தேகிக்கப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆண்கள். கொல்லப்படுகிறவர்களிலும் பத்துக்கு எட்டுப் பேர் ஆண்களே. கணவன், மனைவி, காதலர் என்று துணையின் கையால் செத்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் நிலைமை தலைகீழ்: பத்துக்கு எட்டுப் பேர் பெண்கள். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களிலும் பெண்கள் நூற்றுக்கு நாலு பேர்தான்.

இந்தக் கணக்கைத் திருப்பிப் படிக்கும் இடத்தில்தான் கோளாறு. ‘கொலை செய்தவர்களில் பத்துக்கு ஒன்பது ஆண்’ என்பதற்கும் ‘ஆண்களில் பத்துக்கு ஒன்பது கொலைகாரன்’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மேடையில் முதலாவதைச் சொல்லத் தொடங்கி, கைதட்டல் வர வர இரண்டாவதுக்கு நழுவுகிறவர்கள் உண்டு. முதலாவதைச் சொல்லும்போதே இரண்டாவதைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறவர்கள் அதைவிட அதிகம் உண்டு.

நீங்கள் புளியரை ‘எஸ்’ வளைவைத் தினமும் பார்க்கிற ஊர்க்காரர். மலைப்பாதையில் ‘கியரைக் குறைத்து இறங்கவும்’ என்று பலகை வைக்கிறார்கள். பாரம் ஏற்றிய லாரி பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, நடுவழியில் பிரேக் பிடிக்காமல் போகும். அதற்காகத்தான் பலகை. நல்ல ஓட்டுநர் அதைப் பார்த்துக் கோபப்படுவதில்லை, அவரும் கியரைக் குறைக்கிறார். அதே இடத்தில் ‘லாரிக்காரன் எல்லாம் கொலைகாரன்’ என்று எழுதி வைத்தால் எவனும் கியரைத் தொட மாட்டான். பலகையில் கல்தான் விழும். உங்கள் மகன் கேட்டது இரண்டாவது பலகை.

வீட்டில் என்ன செய்யலாம்? “அதெல்லாம் காதுல வாங்காதல” என்று முடித்துவிடாதீர்கள். “அவர் சொன்னதுல எது உனக்கு உறுத்துச்சு?” என்று கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும் வரை பேசாமல் இருங்கள். பிறகு மேலே சொன்ன இரண்டு வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வித்தியாசத்தை அவனையே கண்டுபிடிக்க விடுங்கள். ஒன்பதாம் வகுப்புக் கணக்குக்கு இது பெரிய விஷயமில்லை. கடைசியாக, அவன் வகுப்பில் யார் யாரை அடிக்கிறார்கள், யார் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேல் பையன்கள். உங்கள் மகன் சொல்ல வாய்ப்பில்லாமல் வைத்திருக்கும் ஏதோ ஒன்று அன்று சாப்பிடாமல் இருந்ததற்குக் காரணமாக இருக்கக் கூடும். கண்டிப்பாக இருக்கும் என்று சொல்லவில்லை, கேட்காமல் விடாதீர்கள்.

தலைமையாசிரியருக்கு மூன்று வரி எழுதினால் போதும்: கூட்டம் நடத்தியது நல்லது, பையன்களை மட்டும் எழுப்பி நிறுத்தியது சரியில்லை, அடுத்த முறை என்ன பேசப் போகிறார்கள் என்று முன்னாலேயே பார்த்துவிடுங்கள். நேரில் போய்ச் சத்தம் போட்டால் அடுத்த கூட்டமே நடக்காது.

கேள்வி: குடும்ப நல ஆய்வில் கணவனிடம் அடிவாங்கிய பெண்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், கேரளத்தில் 10 சதவீதம் என்று போட்டிருந்தீர்கள். அப்படியானால் தமிழ் ஆண்களே மோசமா? – தென்காசி

முழு எண்களையே தருகிறோம். ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, 2019–21. மணமான, 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனிடம் எப்போதாவது உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையைச் சந்தித்தவர்கள்: தமிழ்நாடு 38.1, கேரளம் 9.9, ஆந்திரம் 30, நாடு முழுவதும் 29.3 சதவீதம். “அடித்தாரா?” என்று பொத்தாம் பொதுவாகக் கேட்பதில்லை. அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, எட்டி உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பெண்ணிடம் மட்டும், தனியாக. பக்கத்தில் ஆள் இருந்தால் அந்தப் பகுதியைக் கேட்கவே கூடாது. அப்படியும் மறைப்பவர்கள் இருப்பார்கள், எல்லா மாநிலத்திலும்.

உங்கள் கேள்விக்கு வருவோம். கேரள எல்லையில் உள்ள ஆரியங்காவு கணவாயின் இந்தப் பக்கம் பிறந்தவனும் அந்தப் பக்கம் பிறந்தவனும் ஒரே ஆண்தான். அடிப்பது ஆணின் பிறவிக் குணம் என்றால் மலையைத் தாண்டியதும் எண் இப்படிக் குறையக் கூடாது. ஆந்திரத்திலோ, முந்தைய ஆய்வில் 43 சதவீதமாக இருந்தது ஐந்தாறு வருடத்தில் 30 ஆக இறங்கியிருக்கிறது. அந்த ஐந்தாறு வருடத்தில் ஆண்களின் ரத்தமா மாறிவிட்டது? எண் இறங்குகிறது என்றால், அதை ஏற்றி வைத்திருந்தது வளர்ப்பும் ஊர்ப்பேச்சும் வசதியும் சாராயமும்தான். ஆண்களுக்கு ஆதரவாக வாதாட வேண்டுமென்றால், ‘எல்லாரும் அப்படியில்லை’ என்பதைவிட வலுவான வாதம் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

கேரளத்துக்காரர்கள் மார்தட்டவும் இடமில்லை. மனைவியை அடிப்பதற்கு ஏதோ ஒரு காரணமாவது நியாயம் என்று அதே ஆய்வில் அங்கே பாதிக்கு மேற்பட்ட பெண்களே சொல்லியிருக்கிறார்கள். குடி பற்றியும் ஒரு வார்த்தை: அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவன் உள்ள பெண்களில் பத்துக்கு ஏழு பேர் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். குடிக்காத கணவன் வீட்டில் அது நாலில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆகவே கடையை மூடினால் குறையும், அடியோடு நிற்காது.

கேள்வி: பாலக்காடு பக்கம் தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியை. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு இந்தப் பேச்சை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பையன்கள் முகம் சுருங்காமலும் விஷயம் நீர்த்துப் போகாமலும் எப்படி எடுப்பது? – கொழிஞ்சாம்பாறை

இரண்டு பீரியடு கேட்டு வாங்குங்கள். ஒன்றில் அவசரமாக முடித்தால் மேலே சொன்ன செங்கோட்டைக் கதைதான். பெண் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு ‘பாதுகாப்பு’, பையன்களைத் தனியே கூப்பிட்டு ‘ஒழுக்கம்’ என்று பிரிக்காதீர்கள். அப்படிப் பிரித்த கணமே இவர்கள் இரை, அவர்கள் வேட்டைக்காரர்கள் என்று சொல்லியாயிற்று. முதல் பீரியடு தனித்தனியாக வைத்தாலும் இரு பக்கமும் ஒரே பாடம்தான் இருக்க வேண்டும்.

முந்தின நாளே 12 துண்டுச் சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சம்பவம், ஆணா பெண்ணா என்று தெரியாதபடி. ‘ஒருவர் இன்னொருவரின் போனைப் பிடுங்கி மெசேஜ் எல்லாம் பார்க்கிறார்.’ ‘வேண்டாம் என்று சொன்ன பிறகும் பஸ் ஸ்டாப் வரை பின்னால் வருகிறார்.’ ‘சாப்பாடு எடுத்து வைக்க நேரமானதால் கன்னத்தில் அறைகிறார்.’ ‘சட்டையைப் பிடித்துச் சுவரோடு தள்ளுகிறார்.’ ‘சண்டையில் அழுதவரை எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள்.’ தமிழில் ‘அவர்’ என்ற சொல் இதற்கு நமக்குக் கிடைத்த பெரிய வசதி.

ஐந்தைந்து பேராக உட்கார வைத்து, விளையாட்டு, தொல்லை, வன்முறை என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 15 நிமிடம் கொடுங்கள். ஒரே சீட்டு ஒரு குழுவுக்கு விளையாட்டாகவும் அடுத்த குழுவுக்கு வன்முறையாகவும் இருக்கும். அங்கே சண்டை நடக்கட்டும், நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பிறகு ஒரே கேள்வி: “படிக்கும்போது செய்தவர் யாருன்னு மனசுல வந்துச்சு? பட்டவர் யாரு?” பலகையில் இரண்டு கட்டம் போட்டுக் கைகளை எண்ணுங்கள். செய்தவர் பக்கத்தில் ‘ஆண்’ என்று அவர்களே ஏற்றிவிடுவார்கள். பட்டவர் பக்கத்தில் பெண் அதிகம் வந்தாலும், சட்டையைப் பிடித்த சீட்டுக்கும் அழுத சீட்டுக்கும் பையன் பெயர் வரும். நீங்கள் குற்றம் சாட்டவில்லை, எண்ணியது அவர்களே. “ஏன் நமக்கு அப்படித் தோணுச்சு?” என்ற கேள்விக்கு இரண்டாவது பீரியடு முழுவதும் போனாலும் பரவாயில்லை. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’, ‘அடியாத மாடு படியாது’, ‘பொம்பள மாதிரி அழாத’ என்ற பேச்சுகள் அவர்கள் வாயிலிருந்தே வரும். வந்ததைப் பலகையில் எழுதுங்கள், விளக்கம் வேண்டாம்.

கடைசிப் பத்து நிமிடம், பக்கத்தில் நிற்பவன் என்ன செய்வது என்று. தோழன் ஒரு பெண் பிள்ளையின் படத்தை குரூப்பில் போடுகிறான். பார்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்கள் என்ன செய்யலாம்? பெரிய வசனம் ஓடாது. “டேய் அழிச்சிரு, வா போலாம்” என்ற அளவுக்குச் சின்னதாக ஒரு வாக்கியத்தை அவர்களே எழுதி, வாயால் சொல்லிப் பார்க்க வேண்டும். சொல்லிப் பழகாத வாக்கியம் வேண்டிய நேரத்தில் வராது.

எங்கே கெட்டுப்போகும்? சிரிப்பு வரும். அது திமிர் இல்லை, கூச்சம். திட்டாமல் பத்து விநாடி காத்திருங்கள், அடங்கிவிடும். ஒருவன் இன்னொருவனைக் கைகாட்டி “இவன்தான் டீச்சர்” என்பான். ‘சீட்டில் உள்ளவரைப் பற்றி மட்டும்தான் பேசுகிறோம்’ என்று தொடக்கத்திலேயே விதி போடாவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எவனாவது “எங்க வீட்ல அப்பா…” என்று ஆரம்பித்தால் வகுப்பு நடுவில் தொடர விடாதீர்கள். “பெல் அடிச்சதும் நாம ரெண்டு பேரும் பேசுவோம்” என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே போய்ப் பேசுங்கள்.

அவன் சொல்வது பாலியல் தொல்லை என்றால், ‘யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இன் 19ஆம் பிரிவுப்படி, விஷயம் தெரிந்தவர் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. இந்தச் சட்டத்தில் பையன், பெண் பிள்ளை என்ற பேதமே இல்லை. அவன் சொன்ன வார்த்தையை அவன் சொன்னபடியே அன்றே எழுதி வையுங்கள். நாலு பேர் நாலு தடவை விசாரிக்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் மேற்கொண்டு வழி சொல்வார்கள்.

உங்கள் மாநிலத்தில் 2024-இல் வந்த மூன்றாம் வகுப்பு மலையாளப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் இருக்கிறது. அதைப் பார்த்து எந்தப் பையனும் தன்னைத் திட்டியதாக நினைக்கவில்லை.

கேள்வி: ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறேன். பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள். தற்கொலை செய்வதில் ஆண்கள் அதிகம், கொலையாவதில் ஆண்கள் அதிகம், அடிவாங்குகிற புருஷனும் இருக்கிறான். அதை யார் பேசுவது? – கம்பம்

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் தற்கொலை செய்துகொண்டவர்கள் சுமார் 1.7 லட்சம் பேர். அதில் ஆண்கள் 1.22 லட்சத்துக்கு மேல். குடும்பப் பிரச்சினை, நோய், கடன், குடி என்று காரணங்கள் நீள்கின்றன. ‘ஆம்பள அழக்கூடாது’ என்று வளர்த்தவன் கஷ்டத்தை வெளியே சொல்லாமல் வைத்திருக்கிறான். அதே வளர்ப்புதான் இன்னொருவனைக் கோபம் வந்தால் கையை நீட்ட வைக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது எங்கள் கருத்து. அதனால்தான் ஆண் வன்முறையைப் பற்றிப் பேசுவதை ஆணுக்கு எதிரான பேச்சாக நாங்கள் பார்ப்பதில்லை.

சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டையையும் சொல்லிவிடுகிறோம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ‘இயற்கைக்கு மாறான உறவு’ பற்றிய பழைய 377ஆம் பிரிவு இல்லை. வயது வந்த ஆண் ஒருவன் பாலியல் வன்முறைக்கு ஆளானால், அதற்கென்று தனிப் பிரிவே இன்று கிடையாது. காயம், மிரட்டல் போன்ற பொதுப் பிரிவுகளில்தான் போக வேண்டும். ஆண்களுக்காகக் குரல் கொடுக்க நினைப்பவர்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். ஆனால் ‘ஆண்களும்தான்’ என்ற பேச்சு, பெண் ஒருத்தி தன் கதையைச் சொல்லும் நேரத்தில் மட்டுமே கிளம்புகிறது. மற்ற நாளில் அந்த 1.22 லட்சம் பேரை யாரும் நினைப்பதில்லை. நீங்கள் ஜீப்பில் நினைத்துப் பார்க்கலாம். கூட வருகிறவன் பத்து நாளாகப் பேசாமல் இருந்தால் “என்னண்ணே?” என்று கேளுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண், அரசின் மனநல உதவி எண், இலவசம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

கேள்வி: கட்டிக்கொடுத்தது நெய்யாற்றின்கரைப் பக்கம். அடி தாங்க முடியாமல் ஆறு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். “கேஸ் போடணும்னா கேரளாவுக்கு வா, இது ஆம்பளைங்களுக்கு எதிரான சட்டம், நிக்காது” என்கிறார்கள். – மார்த்தாண்டம்

எல்லை தாண்ட வேண்டியதில்லை. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 27ஆம் பிரிவுப்படி, நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். உங்களுக்குக் குழித்துறை. அந்த உத்தரவு நாடு முழுவதும் செல்லும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், உங்களுக்கு நாகர்கோவில். அவர் ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ என்ற படிவத்தை நிரப்புவார். அதற்குக் கட்டணம் கிடையாது. அதோடு 12ஆம் பிரிவில் மனு. முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு 60 நாளுக்குள் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் இழுக்கும். ஆகவே 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: திருமணச் சான்று, ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு, காயத்தின் படங்கள், அவர் அனுப்பிய குரல் பதிவுகள். போனை மாற்றினால் பழைய போனை விற்றுவிடாதீர்கள். மலையாளக் காகிதங்களுக்கு மொழிபெயர்ப்பு கேட்பார்கள், முன்னாலேயே செய்து வையுங்கள். சாமான்கள் எடுக்க அந்தப் பக்கம் போக வேண்டி வந்தால் தனியாகப் போகாதீர்கள். கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீயின் ‘ஸ்நேஹிதா’ உதவி மையம் கேரளத்தில் மாவட்டந்தோறும் இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181 இரு மாநிலத்திலும் உண்டு.

மனு எழுதும்போது பெரும்பாலானோர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. “புருஷன் வீட்டார் எல்லாரும் கொடுமை செய்தார்கள்” என்று ஒரே வரியில் நாத்தனார், கொழுந்தன், சித்தப்பா வரை பெயர் சேர்ப்பது. அப்படிச் சேர்த்தால் வழக்கே தளரும். யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் உறவினர்களைப் பொத்தாம் பொதுவாக இழுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு கொடுமை வழக்கில் சொல்லி, அவர்கள் மீதான வழக்கை ரத்து செய்தது. தேதி, இடம், ஆள், செயல். ‘பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் ராத்திரி, அடுக்களையில், கணவர், கரண்டியால் இடது கையில்’ என்று எழுதுங்கள். கொழுந்தன் ஒன்றும் செய்யவில்லை என்றால் அவர் பெயரை விட்டுவிடுங்கள். அவர் பிறகு உங்களுக்குச் சாட்சியாகக் கூட வரலாம்.

‘ஆம்பளைக்கு எதிரான சட்டம்’ என்பதற்கும் பதில் இருக்கிறது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முதலில் சிவில் சட்டம். மனுப் போட்ட உடனே யாரையும் பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். ஆண் மேல் மட்டும்தான் போட முடியும் என்று இருந்த சொற்களை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கிவிட்டது. கொடுமை செய்த மாமியார் மேலும் போடலாம். கணவனோ அவர் உறவினரோ செய்யும் கொடுமைக்கான பழைய 498-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவு, கிரிமினல் வழக்கு. அதிலும் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, காரணம் எழுதி வைக்க வேண்டும் என்று 2014-லேயே தீர்ப்பு வந்தாயிற்று.

கேள்வி: பக்கத்து வீட்டில் ராத்திரியானால் அடி சத்தம். நான் ஆம்பளை, தலையிட்டால் தப்பாகப் பேசுவார்கள் என்று பேசாமல் இருக்கிறேன். என்ன செய்யலாம்? – குமுளி

பெல்லை அடியுங்கள். 2008-இல் ‘பெல் பஜாவோ’ என்று ஒரு பிரசாரம் ஆண்களையும் பையன்களையும் பார்த்துச் சொன்னது இதைத்தான். கதவு திறந்ததும் நியாயம் கேட்க வேண்டாம். “கொஞ்சம் தீப்பெட்டி இருக்கா?”, “உங்க வீட்ல கரண்ட் இருக்கா?” என்று எதையாவது கேளுங்கள். அடி நின்றுவிடும், ஆள் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதும் அவனுக்குத் தெரியும். தனியாகப் போகாதீர்கள், வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் குடித்திருந்தாலோ கையில் கத்தி, அரிவாள் இருந்தாலோ வாசலுக்கே போகாமல் அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள்.

மறுநாள் பகலில், அவன் இல்லாத நேரத்தில், உங்கள் வீட்டுப் பெண் ஒருவர் அந்த அம்மாவிடம் 181 என்ற எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வரட்டும். “உடனே வெளிய வந்துரு” என்று நெருக்க வேண்டாம். வெளியேறும் நேரத்தில்தான் ஆபத்து அதிகம், எப்போது என்று அவருக்குத்தான் தெரியும். பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் எந்த வழக்கும் வராது என்று அதே 2005 சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. அதில் ஆண், பெண் என்று எதுவும் போடவில்லை.